பண்டிகை வந்துருச்சு, மனசுதான் வரல: கஷ்டமான வருஷத்துல நன்றியோட கொண்டாடுறது எப்படி

கிறிஸ்துமஸ், ஈஸ்டர்னு வந்தாலே சபையில, வாட்ஸ்அப் குரூப்ல, சொந்தக்காரங்க போன்ல எல்லாம் ஒரே பேச்சுதான், சந்தோஷமா இருங்க, கர்த்தர் எவ்வளவு நல்லவர், நன்றி சொல்லுங்கன்னு. நல்ல விஷயம்தான், தப்பு சொல்லல. ஆனா இந்த வருஷம் வீட்ல ஒருத்தர் தவறிப் போயிருக்கலாம், வேலை போயிருக்கலாம், ட்ரீட்மென்ட் ஓடிட்டு இருக்கலாம், அண்ணன் தம்பி முகம் குடுத்துப் பேசாம இருக்கலாம். அந்த நேரத்துல இந்த மெசேஜ் எல்லாம் பாக்குறப்போ நம்ம விசுவாசத்துலதான் ஏதோ கோளாறுன்னு தோணும். ஒரு கோளாறும் இல்ல. நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான், வேதத்துல கஷ்டத்துக்கு நடுவுல நன்றி சொன்னவங்கள எடுத்துப் பாத்தீங்கன்னா கஷ்டத்தை மூடி வெச்சுட்டு யாரும் பாடல, முதல்ல அதை வாய் விட்டு சொல்லியிருக்காங்க, அப்புறம்தான் துதி வருது. அந்த வரிசைய நம்ம வீட்டுப் பண்டிகைக்குள்ள எப்படி கொண்டு வர்றதுன்னு பாப்போம்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எஸ்றா 3ம் அதிகாரம் கடைசி நாலு வசனம் படிச்சிருங்க. கி.மு. 586ல பாபிலோன்காரங்க இடிச்ச எருசலேம் ஆலயத்துக்கு, சிறையிருப்புல இருந்து திரும்பி வந்த யூதர்கள் ஏறக்குறைய 50 வருஷம் கழிச்சு திரும்ப அஸ்திபாரம் போடுறாங்க, பூரிகை, கைத்தாளம், ஆசாரியர்கள் எல்லாம் உடுத்திட்டு நிக்கிறாங்க, "கர்த்தர் நல்லவர், அவருடைய கிருபை என்றுமுள்ளது"ன்னு பாடுறாங்க. இளவட்டங்க ஆர்ப்பரிக்கிறாங்க. பழைய ஆலயத்தைக் கண்ணால பாத்திருந்த வயசானவங்க ஓன்னு அழறாங்க. சந்தோஷ சத்தம் எது அழுகை சத்தம் எதுன்னு பிரிச்சுப் பாக்க முடியலன்னு எழுதியிருக்கு. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா, பெரியவங்களப் பாத்து "ஏன் அழுது மூடைக் கெடுக்கிறீங்க"ன்னு அந்த அதிகாரத்துல யாரும் கேக்கல, சின்னவங்களப் பாத்து "இவங்க அழறப்போ உங்களுக்கு என்ன கூத்து"ன்னும் யாரும் கேக்கல. ரெண்டும் சேர்ந்து ஒரே சத்தமா ரொம்ப தூரம் கேட்டுச்சாம். நம்ம குடும்பமும் பண்டிகை அன்னைக்கு இப்படித்தான் இருக்கும், பிள்ளைங்களுக்கு கொண்டாட்டம், பாட்டிக்கு தாத்தா ஞாபகம், நடுவுல இருக்குறவங்களுக்கு ரெண்டும். எல்லாரும் ஒரே மூட்ல இருக்கணும்ங்கிற எதிர்பார்ப்பை மட்டும் விட்டுட்டாலே பாதி பாரம் இறங்கிரும்.

ரெண்டு வாரம் முன்னாடியே பண்ண வேண்டியது

முதல் வேலை நீங்க தனியா பண்றது. சங்கீதம் 13 எடுத்துக்கோங்க, மொத்தமே ஆறு வசனம்தான். முதல் ரெண்டு வசனத்துக்குள்ள தாவீது நாலு தடவை "எதுவரைக்கும்"னு கேக்குறாரு, என்னை மறந்துட்டீரா, முகத்தை மறைச்சுட்டீரான்னு. அடுத்த ரெண்டு வசனம் வேண்டுதல், எனக்கு பதில் சொல்லும், என் கண்களைத் தெளிவாக்கும்னு. கடைசி ரெண்டுல "நானோ உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்"னு திரும்புறாரு. இந்த மூணு படியிலயே ஒரு பேப்பர்ல உங்க ஜெபத்தை எழுதுங்க. முதல் படியில நாசூக்கு பாக்காதீங்க. "ஆண்டவரே எல்லாம் உம்ம சித்தம்"னு தொடங்காதீங்க, அது மூணாவது படி. "எதுவரைக்கும் இந்த வீட்ல மருந்து வாசனையே இருக்கும்", "எதுவரைக்கும் நான் ஒவ்வொரு இன்டர்வியூவா போய் சிரிச்சுட்டு வரணும்"னு உள்ளது உள்ளபடி எழுதுங்க. ரெண்டாவதுல என்ன வேணும்னு கேளுங்க, ரொம்பப் பெரிசா கேக்க தைரியம் இல்லன்னா பண்டிகை அன்னைக்கு ஒரு நாள் தாங்குற பெலன் குடும்ன்னு மட்டும் கேளுங்க. மூணாவது படியில வார்த்தையே வரலன்னா விட்டுருங்க, அடுத்த நாள் உக்காருங்க. சங்கீதம் 88ல கடைசி வரைக்கும் அந்தத் திருப்பமே வராது, அதுவும் வேதத்துலதான் இருக்கு.

இதை ஏன் முன்னாடியே செய்யச் சொல்றேன்னா, அடக்கி வெச்ச துக்கம் பண்டிகை அன்னைக்கு சம்பந்தமே இல்லாத இடத்துல கோபமா வெளிய வரும், சாம்பார்ல உப்பு இல்லன்னு ஒருத்தர் சொன்னதுக்கு வீடே இரண்டுபடும், அப்புறம் யோசிச்சா அது உப்பு சண்டையே இல்ல.

ரெண்டாவது வேலை, குடும்பத்துக்கிட்ட முன்கூட்டியே சொல்றது. எல்லாரும் வந்து உக்காந்த அப்புறம் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிறதை விட இது ரொம்ப மேல். பெரிய விளக்கம் தேவையில்ல, மூணு விஷயம் இருந்தா போதும், நாங்க எப்படி இருக்கோம், எதுல கலந்துக்குவோம், எதை விட்டுருவோம். இப்படி ஒரு மெசேஜ்: "அண்ணா, இந்த வருஷம் எங்களுக்கு கொஞ்சம் கஷ்டம்தான்ணா, அம்மா இல்லாத முதல் பண்டிகை. ஆராதனைக்கும் மத்தியான சாப்பாட்டுக்கும் கண்டிப்பா வர்றோம். சாயங்காலம் விளையாட்டு, போட்டோ எல்லாம் வேணாம்ணா, நாங்க சீக்கிரம் கிளம்பிருவோம், தப்பா நினைக்காதீங்க. அண்ணிக்கிட்டயும் சொல்லிருங்க." அவ்வளவுதான். அண்ணனுக்கு மனசு சுருக்குன்னு இருக்கலாம், பரவாயில்ல, அன்னைக்கு வந்து அழுதுட்டே போட்டோவுக்கு நிக்கிறதை விட இது அவருக்கும் லேசு.

வழக்கமா பண்றதுல எதை இந்த வருஷம் விடலாம்னு ஒரு லிஸ்ட் போடுங்க. வருஷா வருஷம் பண்ணிட்டு வந்தோம்ங்கிறதுக்காகவே பண்ற விஷயம் நிறைய இருக்கும், அதுல வசனம் எதுவும் கட்டளையிடல. ஆனா எல்லாத்தையும் நிறுத்திராதீங்க, குறிப்பா வீட்ல பிள்ளைங்க இருந்தா. அவங்க கிட்ட எது கண்டிப்பா வேணும்னு கேட்டுப் பாருங்க, பெரும்பாலும் நீங்க நினைச்சதை விட சின்னதா ஏதாவது சொல்வாங்க.

சாப்பாட்டு மேசையில நன்றி சொல்ற நேரம்

இதுதான் முக்கியமான இடம், நிறைய வீட்ல சொதப்புறதும் இங்கதான். காட்சி எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், சாப்பிடுறதுக்கு முன்னாடி பெரியப்பா எழுந்து "ஒவ்வொருத்தரா இந்த வருஷம் கர்த்தர் செஞ்ச நன்மைய சொல்லுங்க"ன்னு ஆரம்பிச்சு வைப்பாரு. ஒருத்தர் ப்ரமோஷன்னு சொல்வாரு, ஒருத்தர் புது வீடுன்னு சொல்வாரு, அடுத்தவங்களுக்கு பேரப்பிள்ளை. அப்படியே சுத்தி வந்து ஆறு மாசம் முன்னாடி வீட்டுக்காரர பறிகுடுத்த அத்தை முன்னாடி நிக்கும். எல்லாரும் அவங்க முகத்தையே பாப்பாங்க. அத்தை என்ன சொல்லுவாங்க, "ஜீவன் சுகம் பெலன் தந்தாரே, ஸ்தோத்திரம்"னு வழக்கமான ஒரு வரிய சொல்லிட்டு தலைய குனிஞ்சுக்குவாங்க. அவங்களுக்கும் அது பொய்யா இருக்கும், கேட்டவங்களுக்கும் ஒரு மாதிரி இருக்கும்.

இதை சரி பண்ண சில மாத்தம் போதும். சுத்தி வர்ற வரிசைய விட்டுருங்க, விருப்பப்பட்டவங்க பேசட்டும், பேசாதவங்கள யாரும் கிண்டக் கூடாதுன்னு நடத்துறவரே முதல்ல சொல்லிரணும். அப்புறம் கேள்விய மாத்துங்க. "இந்த வருஷத்து நன்மை"ன்னு கேட்டா எல்லாரும் ரிசல்ட் ஷீட் வாசிக்கிற மாதிரி சாதனைதான் சொல்வாங்க, அதுல நஷ்டப்பட்டவங்களுக்கு இடமே இல்ல. அதுக்குப் பதிலா, "இந்த வருஷம் உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்தப்போ யார் கூட நின்னாங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. கஷ்டம் உள்ள வந்துரும், நன்றியும் வந்துரும், அத்தைக்கும் சொல்றதுக்கு ஏதாவது இருக்கும், ராத்திரி ஆஸ்பத்திரியில கூட உக்காந்திருந்த பக்கத்து வீட்டுப் பொண்ண பத்தி சொல்லலாம். கேள்விய முதல்நாளே குரூப்ல போட்டுருங்க, திடீர்னு கேட்டா யாருக்கும் ஒண்ணும் தோணாது.

பவுல் பிலிப்பியருக்கு எழுதுன நிருபத்தைப் பாத்தா இது புரியும். நாலே அதிகாரம், விலங்குல இருந்துட்டு எழுதுறாரு, "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்"னு அதுலதான் வருது, எல்லார் வீட்டு காலண்டர்லயும் இருக்குற வசனம். அதே நிருபத்துல ரெண்டாம் அதிகாரத்துல, பிலிப்பியர் தனக்கு உதவிக்கு அனுப்புன எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்ததைப் பத்தி பேசுறப்போ, அவன் போயிருந்தா எனக்கு "துக்கத்தின்மேல் துக்கம்" வந்திருக்கும், தேவன் இரங்குனாருன்னு சொல்றாரு. அந்த வரிய யாரும் காலண்டர்ல போடுறதில்ல. எப்பவும் சந்தோஷமா இருங்கன்னு சொன்ன மனுஷனுக்கே ஏற்கெனவே ஒரு துக்கம் இருந்துச்சு, அதை எழுதவும் அவர் கூச்சப்படல. கடைசி அதிகாரத்துல அவர் நன்றி சொல்ற விதமும் கவனிங்க, பொதுவா இல்ல, எப்பாப்பிரோதீத்து கையில நீங்க அனுப்புனது கிடைச்சது, தெசலோனிக்கேயில இருந்தப்போவும் ஓரிரு தடவை அனுப்புனீங்கன்னு பேரு ஊரு போட்டு சொல்றாரு. மேசையில நன்றி சொல்றப்போ இதுதான் வேணும். "எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம்"னா காதுல விழாது, "கீமோ அன்னைக்கு ஆறு வாட்டி கார் ஓட்டிட்டு வந்த மச்சானுக்காக ஸ்தோத்திரம்"னா அந்த மச்சானும் நிமிந்து பாப்பாரு.

பேச்சே வேணாம், எங்க வீட்ல யாரும் வாய் திறக்க மாட்டாங்கன்னா சங்கீதம் 136 இருக்கு. 26 வசனம், ஒவ்வொண்ணும் "அவர் கிருபை என்றுமுள்ளது"ன்னு முடியும். ஒருத்தர் முதல் பாதி வாசிக்க மத்தவங்க எல்லாரும் அந்த வரிய மட்டும் சொன்னா போதும், படிக்கத் தெரியாத சின்னப் பிள்ளையும் ரெண்டாவது வசனத்துல இருந்து சேர்ந்துக்கும். அந்த சங்கீதம் வானம் பூமியில தொடங்கி, எகிப்து, சமுத்திரம், வனாந்தரம்னு வந்து, "நம்முடைய தாழ்வில் நம்மை நினைத்தவர்"னு சொல்லி, கடைசியில எல்லா உயிருக்கும் ஆகாரம் குடுக்கிறவர்னு சாப்பாட்டுல வந்து முடியுது, மேசைக்குன்னே எழுதுன மாதிரி. நடுவுல ராஜாக்களை வெட்டுற வசனம் சிலது வரும், பிள்ளைங்க கேள்வி கேக்க ஆரம்பிச்சா சாப்பாடு ஆறிரும், அதையும் யோசிச்சுக்கோங்க. கொஞ்சம் துணிச்சல் இருந்தா உங்க குடும்பத்து வருஷத்தையே நாலு அஞ்சு வரியா எழுதி நடுவுல சேருங்க. "மார்ச் மாசத்துல அப்பா வேலை போனப்போ நம்மை நடத்தினவரைத் துதியுங்கள்", எல்லாரும் "அவர் கிருபை என்றுமுள்ளது". நஷ்டத்தோட பேரையும் சொல்றோம், அதுக்கு மேல கிருபையையும் சொல்றோம்.

ஆபகூக் தீர்க்கதரிசி செஞ்சதும் இதேதான். அத்திமரம் துளிர்க்கல, திராட்சையில பழமில்ல, ஒலிவ பலன் இல்ல, வயல் விளையல, கிடையில ஆடில்ல, தொழுவத்துல மாடில்லன்னு ஆறு நஷ்டத்தையும் ஒண்ணொண்ணா எண்ணி சொல்லிட்டுதான் "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்"கிறாரு. "சில பிரச்சனைகள் இருந்தாலும்"னு பூசி மெழுகல.

இல்லாதவங்களைப் பத்தி

ஒருத்தர் தவறிப் போன வீட்ல பண்டிகை அன்னைக்கு நடக்குற பெரிய தப்பு, அவங்க பேரையே யாரும் எடுக்காம இருக்குறது. அம்மா அழுதுருவாங்கன்னு பயந்து எல்லாரும் சுத்தி வளைச்சு வேற எதையாவது பேசிட்டு இருப்பாங்க. அம்மா எப்படியும் அதைத்தான் நினைச்சுட்டு இருப்பாங்க, யாரும் பேசலன்னா எல்லாரும் மறந்துட்டாங்கன்னு அது வேற சேர்ந்துக்கும். பேரைச் சொல்லுங்க. ஜெபத்துலயே சொல்லிருங்க, "எங்க அப்பாவை எங்களுக்கு இத்தனை வருஷம் தந்ததுக்காக ஸ்தோத்திரம், இன்னைக்கு அவர் இல்லாதது எங்களுக்கு ரொம்ப வலிக்குது ஆண்டவரே"ன்னு. ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லலாம். அழுகை வந்தா வரட்டும், லாசருவை எழுப்பப் போறோம்னு தெரிஞ்சிருந்தும் இயேசு கண்ணீர் விட்டாரு.

டீட்ரிச் போன்ஹோஃபர்ங்கிற ஜெர்மன் போதகர் ஹிட்லருக்கு எதிரா நின்னதால 1943 ஏப்ரல்ல கைதாகி பெர்லின்ல டேகல் சிறையில இருந்தாரு. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நண்பருக்கும் அவர் மனைவிக்கும் ஒரு கடிதம் எழுதுறாரு. அதுல அவர் சொல்றதோட சாராம்சம் இதுதான், நாம நேசிக்கிறவங்க இல்லாத இடத்தை எதுவும் நிரப்ப முடியாது, நிரப்பணும்னு முயற்சி பண்ணவும் கூடாது, தேவன் அந்த வெற்றிடத்தை நிரப்புறாருன்னு சொல்றது சரியில்ல, அதை வெற்றிடமாவே வெச்சு அது மூலமாவே அந்த உறவைக் காப்பாத்தித் தர்றாருன்னு. அதுக்கப்புறம் அந்த ஞாபகங்க மேல வர்ற நன்றியே வலிய மெதுவா ஒரு சந்தோஷமா மாத்தும்கிறாரு. 1945 ஏப்ரல்ல அவரைத் தூக்குல போட்டாங்க. துக்கத்துல இருக்குறவங்க கிட்ட "ஆண்டவர் உங்க வெறுமைய நிரப்புவாரு"ன்னு சட்டுன்னு சொல்றதுக்கு முன்னாடி இந்தக் கடிதத்தை யோசிக்கலாம்.

அப்படியே, என்ன சொல்லக் கூடாதுங்கிறதையும் சொல்லிடுறேன், ஏன்னா நன்றிங்கிற பேர்ல நம்மாளுங்க அடிக்கிற அடி கொஞ்ச நஞ்சம் இல்ல. "எல்லாம் நன்மைக்குத்தான்", "உங்களை விட கஷ்டப்படுறவங்க எத்தனை பேரு", "அழுதா சாட்சி கெட்டுரும்", இதெல்லாம் வேண்டவே வேண்டாம். தேவனை நேசிக்கிறவங்களுக்கு சகலமும் நன்மைக்கு ஏதுவா நடக்கும்னு சொல்ற ரோமர் 8:28 உண்மையான வசனம்தான், ஆனா அதை பாதிக்கப்பட்டவங்களே ஒரு நாள் சொல்லணும், நாம தூக்கி அவங்க மேல போடக் கூடாது. நீதிமொழிகள் 25:20 இதை ரொம்பக் காரமா சொல்லுது, துக்கத்துல இருக்குறவனுக்கு முன்னாடி பாட்டுப் பாடுறவன் குளிர்ல ஒருத்தனோட போர்வைய உருவுறவன் மாதிரியாம். யோபுவோட நண்பர்கள் செஞ்சதுலயே உருப்படியான காரியம் ஏழு நாள் ராப்பகலா கூட உக்காந்து ஒண்ணும் பேசாம இருந்ததுதான், வாய் திறந்த அப்புறம்தான் எல்லாம் கெட்டுச்சு. "வாங்க சித்தி, என் பக்கத்துல உக்காருங்க"ன்னு ஒரு வார்த்தை போதும்.

பணம் இல்லாத வருஷம்

இதுல நீளமா சொல்ல ஒண்ணும் இல்ல. கடன் வாங்கி பண்டிகை கொண்டாடாதீங்க. கிஃப்ட்டுக்கு எவ்வளவுன்னு முன்னாடியே முடிவு பண்ணி அதை எல்லார் கிட்டயும் சொல்லிருங்க, பெரியவங்களுக்குள்ள கிஃப்ட் வேணாம், பிள்ளைங்களுக்கு மட்டும்னு யாராவது ஒருத்தர் வாய் திறந்தா மத்த ரெண்டு குடும்பமும் உள்ளுக்குள்ள அப்பாடான்னு இருக்கும். பிள்ளைங்க கிட்ட வயசுக்கு ஏத்த மாதிரி உண்மைய சொல்லுங்க, "இந்த வருஷம் அப்பாவுக்கு சம்பளம் இல்லப்பா, அதனால சின்னதா பண்றோம்". மறைச்சா அவங்களா வேற எதையோ கற்பனை பண்ணி பயப்படுவாங்க. அந்தப் பேச்சோட லூக்கா 2:24 படிச்சுக் காட்டலாம், மரியாளும் யோசேப்பும் குழந்தை இயேசுவை ஆலயத்துக்குக் கொண்டு போனப்போ ரெண்டு பறவைய பலியா குடுத்தாங்க. லேவியராகமம் 12ல பாத்தா ஆட்டுக்குட்டி குடுக்க வசதி இல்லாதவங்களுக்கு சொன்ன காணிக்கை அது. நீதிமொழிகள் 15:17ம் இருக்கு, பகையோட கொழுத்த எருதுக் கறிய விட சிநேகத்தோட இலைக்கறி மேல்.

உங்களுக்கு இருக்கா, கொஞ்சமாவது? அப்போ நெகேமியா 8:10ஐ முழுசா படிங்க. "கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்களுடைய பெலன்"ங்கிற கடைசி வரி எல்லாருக்கும் மனப்பாடம், அதுக்கு முன்னாடியே "ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்குகளை அனுப்புங்கள்"னு இருக்கு. அங்க ஜனங்கள அழ வேண்டாம்னு சொல்றாங்களேன்னு சிலர் கேப்பாங்க, சரிதான், ஆனா அந்த அழுகை நியாயப்பிரமாணத்தை வாசிச்சுக் கேட்டதும் வந்த அழுகை, சாவு வீட்டு அழுகை இல்ல. அந்த வசனத்தை எடுத்துட்டுப் போய் துக்க வீட்ல வாசிக்காதீங்க. பங்கு அனுப்புறப்போ போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போட வேண்டாம்னு தனியா சொல்லணுமா என்ன.

ஒத்து வராத சொந்தம்

ரோமர் 12:18 "கூடுமானால் உங்களாலானமட்டும்" எல்லாரோடயும் சமாதானமா இருங்கன்னு சொல்லுது. பவுல் அதுக்கு ரெண்டு எல்லை போட்டுத்தான் சொல்லியிருக்காரு, அதனால மேசையில ஒருத்தர் சண்டைக்கு நின்னா அதை முழுசா தீர்த்து வைக்கிறது உங்க பொறுப்பு இல்ல. சண்டை வர்ற டாபிக் எதுன்னு உங்களுக்கே தெரியும், சொத்து, கல்யாணம், எந்த சபைக்குப் போறதுன்னு. அது வந்தா சொல்றதுக்கு ஒரு வரிய முன்னாடியே தயார் பண்ணிக்கோங்க, "மாமா, அதை இன்னொரு நாள் தனியா உக்காந்து பேசுவோம், இன்னைக்கு வேணாமே", அதையே எத்தனை தடவைன்னாலும் அதே குரல்ல சொல்லுங்க. உக்காருற இடத்தையும் கொஞ்சம் யோசிச்சு வைங்க. ஆனா அடிச்சவர், பிள்ளைங்க கிட்ட தப்பா நடந்தவர், இன்னும் மிரட்டுறவர்னா விஷயமே வேற. அங்க மன்னிப்புங்கிற பேர்ல உங்களையோ உங்க பிள்ளைங்களையோ கொண்டு போய் பக்கத்துல உக்கார வைக்கச் சொல்லி எந்த வசனமும் இல்ல, அந்த வருஷம் தனியா கொண்டாடுங்க, பெரியவங்க கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.

சந்தோஷம் எங்க இருந்து வரும்

இவ்வளவு நேரம் அழுகையப் பத்தியே பேசுனா அப்போ சந்தோஷம்னு ஒண்ணு கிடையாதான்னு கேப்பீங்க. உண்டு. ஆனா அதை வரவழைக்க முடியாது, கேட்டு வாங்கலாம். 17ம் நூற்றாண்டுல மார்ட்டின் ரிங்கார்ட்னு ஒரு போதகர் ஜெர்மனியில ஐலன்பர்க்ங்கிற ஊர்ல இருந்தாரு, 1618ல தொடங்கி 30 வருஷம் ஓடுன போர் நடந்துட்டு இருந்த காலம். 1637ல கொள்ளைநோய் வந்து அந்த ஒரு வருஷத்துல மட்டும் 4,000 பேருக்கு மேல அவர் அடக்க ஆராதனை நடத்துனதா சொல்றாங்க, அவரோட மனைவியும் அதே வருஷம் தவறிட்டாங்க. அந்தப் போர்க் காலத்துல அவர் தன் வீட்டு சாப்பாட்டு மேசைக்குன்னு எழுதுன ஒரு நன்றி ஜெபம்தான் இன்னைக்கு உலகம் பூரா பாட்டா பாடுறாங்க. முதல் சரணம் நன்றி. ரெண்டாவது சரணத்துல என்ன பண்றாருன்னா, சந்தோஷமான இருதயத்தையும் சமாதானத்தையும் எங்களுக்குத் தாரும்னு கேக்குறாரு. நன்றி சொல்லிட்டாரு, சந்தோஷம் இன்னும் கையில இல்ல, அதனால கேக்குறாரு. நாமளும் அப்படியே கேக்கலாம், "ஆண்டவரே நன்றி சொல்றோம், சந்தோஷம் வரல, தாங்க"ன்னு. இதை விட நேர்மையான பண்டிகை ஜெபம் எனக்குத் தெரியல.

கேட்டுட்டு சும்மா உக்காந்திராதீங்க, பாடுங்க. பவுலும் சீலாவும் அடி வாங்கி, கால் தொழுமரத்துல மாட்டியிருக்க, நடுராத்திரியில பாடுனாங்க, மத்த கைதிங்க கேட்டுட்டு இருந்தாங்க. பஸ்காங்கிறது வீட்ல கூடி உண்ணுற பண்டிகை, அந்த ராத்திரியில காட்டிக்குடுக்கப் போறவன் யாருன்னு தெரிஞ்சே இயேசு அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் பண்ணாரு, முடிஞ்சதும் எல்லாருமா ஒரு ஸ்தோத்திரப்பாட்டைப் பாடிட்டுத்தான் ஒலிவமலைக்குப் போனாங்கன்னு மத்தேயு எழுதுறாரு. பஸ்காவுல பாடுற வழக்கமான சங்கீதங்கள் 113ல இருந்து 118 வரைக்கும், அதனால "இது கர்த்தர் உண்டுபண்ணின நாள், இதிலே களிகூர்ந்து மகிழக்கடவோம்"ங்கிறது கெத்செமனேக்குப் போற வழிக்கு முன்னாடி அவர் வாயில இருந்திருக்கும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. வீட்ல பாடுறப்போ எல்லாருக்கும் தெரிஞ்ச ரெண்டே பாட்டு போதும், கரோக்கே, மைக்கெல்லாம் வேணாம். பாட முடியாதவங்க கேட்டுட்டு இருக்கட்டும், மத்தவங்க அவங்களுக்கும் சேர்த்துப் பாடட்டும், சபைன்னா அதுதானே.

சில நாடுகள்ல சபைகளே இதுக்குன்னு டிசம்பர் 21ஐ ஒட்டி ஒரு ஆராதனை வைக்கிறாங்க, வருஷத்துலயே நீளமான ராத்திரி அது, இழப்புல இருக்குறவங்க வந்து மெழுகுவர்த்தி ஏத்தி, சத்தமில்லாம ஜெபிச்சுட்டுப் போவாங்க. உங்க பாஸ்டர் கிட்ட கேட்டுப் பாருங்க, பெரிய ஏற்பாடே தேவையில்ல, ஒரு மணி நேரம், ரெண்டு சங்கீதம், ஒரு பாட்டு.

தினமும் எழுதுற நன்றி நோட்டு பத்தியும் எல்லாரும் சொல்வாங்க. 2003ல எம்மன்ஸ், மெக்கலோன்னு ரெண்டு அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒண்ணுல, வாரத்துக்கு ஒரு தடவை நன்றியான விஷயம் அஞ்சு வரைக்கும் எழுதுனவங்க, தொந்தரவுகளை எழுதுனவங்களை விட தங்களோட வாழ்க்கையைப் பத்தி நல்லவிதமா சொன்னாங்க. வாரம் ஒரு தடவைதான், அதனால தினமும் எழுத முடியலன்னு குற்ற உணர்ச்சி வேணாம். அந்த நோட்டுல "எதுவரைக்கும்"னு ஒரு பக்கமும் இருக்கட்டும்.

பண்டிகை முடிஞ்ச அடுத்த நாள்

எல்லாரும் கிளம்பிப் போன அப்புறம் வர்ற அந்த வெறுமைக்கு முன்னாடியே தயாரா இருங்க. அடுத்த நாளுக்கு வேலை எதுவும் வெச்சுக்காதீங்க. எலியா சூரைச்செடிக்குக் கீழ படுத்து போதும் ஆண்டவரேன்னு சொன்னப்போ தேவதூதன் பிரசங்கம் பண்ணல, தட்டி எழுப்பி சாப்பிடச் சொன்னான், சாப்பிட்டுட்டு திரும்பப் படுத்தாரு, திரும்பவும் எழுப்பி சாப்பிடச் சொன்னான். தூங்குங்க, சாப்பிடுங்க, கொஞ்சம் நடங்க. ரெண்டு வாரத்துக்கு மேலயும் தூக்கம் இல்ல, எதுலயும் மனசு ஒட்டல, சாகலாம் போல இருக்குன்னு தோணுச்சுன்னா ஜெபத்தோட சேர்த்து டாக்டர் கிட்ட போங்க, சாகுற எண்ணம் வந்தா ரெண்டு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம், அன்னைக்கே யார் கிட்டயாவது வாய் திறந்து சொல்லுங்க.

அப்புறம் போனை எடுத்து மேசையில பேர் சொல்லி நன்றி சொன்னீங்களே, அன்னைக்கு வர முடியாம போனவங்க யாராவது அந்த லிஸ்ட்ல இருந்தா அவங்களுக்கு ஒரு மெசேஜ் போட்டுருங்க. துக்கத்துல இருக்குற அத்தைக்கு பண்டிகை அன்னைக்கு ஐம்பது பேர் கூப்பிட்டிருப்பாங்க, அடுத்த வாரம் ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க, அதனால காலண்டர்ல இப்பவே ரெண்டு தேதி குறிச்சு வைங்க, ஒண்ணு அடுத்த வாரத்துல ஏதாவது ஒரு சாயங்காலம், இன்னொண்ணு மாமா தவறுன நாள்.